போடு, போதும்: ஃபிளிப் 7 சீட்டாட்டத்தை வீட்டில் ஆடும் முறை

12 என்று எண் போட்ட சீட்டு கட்டில் 12 இருக்கிறது. 11 போட்டது 11, 10 போட்டது 10. இப்படியே படிப்படியாக இறங்கி, 1 போட்டது ஒன்றே ஒன்று. கூடவே 0 ஒன்று. ஃபிளிப் 7 ஆட்டத்தின் சூட்சுமம் முழுக்க இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. பெரிய எண் வந்தால் பாயிண்ட் ஏறும். அதே எண் மறுபடி வந்து ஆளைக் கவிழ்க்கும் வாய்ப்பும் அதற்குத்தான் அதிகம். இதைப் புரிந்துகொண்டவருக்கு மீதி விதிகள் ஐந்து நிமிட வேலை.

எரிக் ஓல்சன் வடிவமைத்து 2024இல் வெளிவந்த ஆட்டம் இது. 2025இல் ஜெர்மனியின் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ (ஆண்டின் சிறந்த ஆட்டம்) விருதுக்கான இறுதி மூன்று பரிந்துரைகளில் ஒன்றாகவும் வந்தது. மூன்று பேரோ அதற்கு மேலோ ஆடலாம். எட்டு வயதுக் குழந்தை கூட்டத் தெரிந்திருந்தால் தாராளமாக உட்காரலாம். கையில் சீட்டை மறைத்துவைக்கும் வேலையே இல்லை, எல்லாம் மேசைமேல் திறந்தபடி கிடக்கும். அதனால் சீட்டு பிடிக்கத் தெரியாத சின்னப் பிள்ளையும், கண்ணாடி இல்லாமல் சின்ன எழுத்து படிக்க முடியாத தாத்தாவும் ஒரே மேசையில் ஆட முடிகிறது.

கட்டில் இருப்பவை

மொத்தம் 94 சீட்டு. அதில் 79 எண் சீட்டு: 0 ஒன்று, 1 முதல் 12 வரை எண்ணுக்குத் தகுந்த எண்ணிக்கை. ஆறு கூட்டல் சீட்டு: +2, +4, +6, +8, +10 ஒவ்வொன்று, இரட்டிப்பாக்கும் ×2 ஒன்று. மீதி ஒன்பதும் செயல் சீட்டு: ஃப்ரீஸ் மூன்று, ஃபிளிப் த்ரீ மூன்று, செகண்ட் சான்ஸ் மூன்று. மேசையில் கத்திச் சொல்ல வசதியாக இவற்றை இங்கே ‘நிறுத்து’, ‘மூவெடு’, ‘காப்பு’ என்றே சொல்லிக்கொண்டு போகலாம்.

மூன்று சாதாரணக் கட்டில் இதையே அமைக்க

வீட்டில் பெட்டி இல்லையென்றால் சாதாரண சீட்டுக்கட்டு மூன்று போதும். ஒரு கட்டில் ஒவ்வோர் எண்ணும் நான்கு, மூன்று கட்டில் 12. அதாவது ராணியை 12 என்று வைத்துக்கொண்டால் தேவைப்படும் 12 சீட்டும் சரியாகக் கிடைத்துவிடுகிறது. ஜாக்கி 11. அதில் ஒன்றை எடுத்துவிடுங்கள். 10இல் பத்து, 9இல் ஒன்பது என்று எண்ணி வைத்துக்கொண்டே வந்து, 2இல் இரண்டு, ஏஸில் ஒன்று மட்டும் வையுங்கள். இதோடு 78 சீட்டு ஆயிற்று.

பாக்கி வேண்டியது 16. அதற்கு ராஜா 12, ஜோக்கர் 4. ஸ்பேட் ராஜா மூன்றும் நிறுத்து. கிளாவர் ராஜா மூன்றும் மூவெடு. ஆட்டின் ராஜா மூன்றும் காப்பு. டைமன் ராஜா மூன்றில் +2, +4, +6 என்றும், மூன்று ஜோக்கரில் +8, +10, ×2 என்றும், நான்காவது ஜோக்கரில் 0 என்றும் எழுதிவிடுங்கள். அழியாத மார்க்கரால் இரண்டு மூலையிலும் எழுத வேண்டும். பளபளப்பான சீட்டில் மை உடனே காயாது. காயும் முன் அடுக்கினால் மேல் சீட்டின் முதுகில் ஒட்டி, அந்தச் சீட்டு எது என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். காகிதத்தில் எழுதி ஒட்டுவது வேண்டாம். ஒட்டிய சீட்டு தடித்துவிடும், கலைக்கும்போது விரலுக்கே தெரியும்.

மூன்று கட்டும் ஒரே முதுகுடன் இருக்க வேண்டும் என்பது கட்டாயம். ஒன்று சிவப்பு முதுகும் மற்றவை நீல முதுகுமாக இருந்தால் அடுத்து வரப்போவதைப் பற்றித் துப்புக் கிடைக்கும். பழைய கட்டு ஒன்றும் புதிய கட்டு இரண்டும் கலந்தாலும் இதே கதைதான், மடங்கிய மூலை காட்டிக்கொடுக்கும்.

ஆட்டம் நடக்கும் விதம்

ஒருவர் சீட்டுப் போடுபவர். அவர் கலைத்து, தன்னையும் சேர்த்து ஆளுக்கொரு சீட்டைத் திறந்தபடி போடுகிறார். இந்த முதல் சுற்றிலேயே செயல் சீட்டு வந்தால் நிறுத்தி, அதன் வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்தவருக்குப் போட வேண்டும். அதனால் சிலர் முன்னால் எண் சீட்டே இல்லாமலும், சிலர் முன்னால் மூன்று நான்கு கிடந்தபடியும் சுற்று தொடங்கலாம். அது தவறல்ல.

பிறகு அவர் ஒவ்வொருவரிடமும் வரிசையாகக் கேட்பார். பதில் இரண்டே சொல். ‘போடு’ என்றால் இன்னொரு சீட்டு. ‘போதும்’ என்றால் இதுவரை சேர்ந்த பாயிண்ட் உறுதி, அந்தச் சுற்றில் இனி அவருக்கு வேலையில்லை. ‘போடு’ என்று கேட்டு வாங்கிய எண் ஏற்கெனவே தன் முன்னால் இருந்தால் அவுட்: அந்தச் சுற்றில் பூஜ்யம், சீட்டுகளைக் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான். பக்கத்தில் இருப்பவரிடம் அதே எண் இருப்பது உங்களைப் பாதிக்காது.

வெவ்வேறு எண் ஏழு சேர்ந்துவிட்டால் சுற்று அந்த நொடியே முடியும். ஏழு சேர்த்தவருக்கு 15 பாயிண்ட் கூடுதல். அவுட் ஆகாத மற்றவர்களும் தங்களிடம் இருப்பதை எழுதிக்கொள்ளலாம். 0 சீட்டு பாயிண்ட் எதுவும் தராது என்றாலும் ஏழில் ஒன்றாகக் கணக்கில் சேரும். அது கட்டில் ஒன்றே ஒன்று என்பதால் இரட்டை விழும் பயமும் கிடையாது. கூட்டல் சீட்டும் செயல் சீட்டும் ஏழில் சேராது. யாரும் ஏழு சேர்க்காவிட்டால், எல்லோரும் அவுட் ஆகியோ ‘போதும்’ சொல்லியோ ஓயும்போது சுற்று முடிகிறது.

கணக்கு எழுதும் வரிசை முக்கியம். முதலில் எண் சீட்டுகளைக் கூட்டு. ×2 இருந்தால் அதை இரட்டிப்பாக்கு. அப்புறம்தான் +2, +10 போன்றவை. கடைசியில் ஏழுக்கான 15. உதாரணமாக 10, 8, 4 என்ற எண்களோடு ×2, +6 இருந்தால், 22 இரட்டித்து 44, அதோடு 6, ஆக 50. பலர் 28ஐ இரட்டித்து 56 என்று எழுதிவிடுகிறார்கள். ×2க்கு எண் சீட்டுகள்மேல் மட்டுமே அதிகாரம்.

சுற்று முடிந்ததும் பயன்பட்ட சீட்டுகளை ஓரமாக வையுங்கள், கட்டில் திரும்பச் சேர்க்காதீர்கள். மிச்சக் கட்டை இடப்பக்கத்தவரிடம் கொடுத்தால் அடுத்த சுற்றுக்கு அவர்தான் போடுபவர். கட்டு தீர்ந்தால் ஓரத்தில் இருப்பதைக் கலைத்து மறுபடி தொடங்குவது. சுற்றின் நடுவில் தீர்ந்தால், ஆட்கள் முன்னால் கிடக்கும் சீட்டுகளைத் தொடாமல் பழைய சுற்றுகளின் சீட்டை மட்டும் கலைக்க வேண்டும். ஒரு சுற்று முடியும்போது யாராவது 200ஐத் தொட்டிருந்தால் ஆட்டம் முடிந்தது. அதிகப் பாயிண்ட் வைத்திருப்பவர் வென்றார்.

செயல் சீட்டு வந்தால்

நிறுத்து, மூவெடு இரண்டும் எடுத்தவரின் கையில் இருக்கும் ஆயுதம். இன்னும் ஆட்டத்தில் இருக்கும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், தனக்கேயும் வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தில் தான் ஒருவர்தான் மிச்சம் என்றால் தன்மேல்தான் விழும்.

நிறுத்து வாங்கியவருக்கு அந்தச் சுற்று அதோடு முடிகிறது, ஆனால் அதுவரை சேர்த்த பாயிண்ட் அவருடையதே. இங்கேதான் புதியவர்கள் தப்பு செய்வது. மேசையில் 31 வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்கும் அண்ணனுக்கு நிறுத்து கொடுத்தால், அது அவருக்குச் செய்யும் உபகாரம். அடுத்த முறை அவர் எப்படியும் ‘போதும்’ தான் சொல்லியிருப்பார். மொத்தக் கணக்கில் முன்னால் நிற்பவர் யார், அவரிடம் இந்தச் சுற்றில் 5, 8 என்று அற்பமாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். அடி அங்கே விழ வேண்டும். உங்களிடமே நிறைய இருக்கும்போது நிறுத்தை நீங்களே எடுத்துக்கொள்வதும் பெரும்பாலும் வீண், உங்கள் முறை வந்ததும் ‘போதும்’ சொன்னால் அதே பலன். ஒரே விதிவிலக்கு, அதற்குள் யாராவது உங்கள் தலையில் மூவெடுவைக் கட்டிவிடுவார்கள் என்ற பயம்.

மூவெடு வாங்கியவர் அடுத்த மூன்று சீட்டை ஒவ்வொன்றாக ஏற்க வேண்டும். நடுவில் அவுட் ஆனாலோ ஏழு சேர்ந்தாலோ அதோடு நின்றுவிடும். அந்த மூன்றில் காப்பு வந்தால் உடனே எடுத்து வைத்துக்கொண்டு தேவைப்பட்டால் பயன்படுத்தலாம். நிறுத்தோ இன்னொரு மூவெடுவோ வந்தால் மூன்றும் முடிந்த பிறகுதான் அதன் வேலை, அதுவும் அவர் அவுட் ஆகாமல் இருந்தால்.

முன்னால் எதுவும் இல்லாதவர் மூவெடு எடுத்தால், அந்த மூன்றுக்குள்ளேயே இரட்டை விழுந்து கவிழும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. தப்பினால் சராசரியாக 20ஐ ஒட்டிக் கிடைக்கும். எனவே சுற்றின் தொடக்கத்தில் வெறுங்கையாக இருக்கும்போது மூவெடு வந்தால் தயங்காமல் தனக்கே வைத்துக்கொள்ளலாம். ஒரு 12 மட்டும் வைத்திருப்பவருக்கு இதே வாய்ப்பு பாதிக்குச் சற்றுக் குறைவுவரை ஏறுகிறது. 12, 9, 5 என்று மூன்று வைத்திருப்பவர் பத்தில் ஆறு முறைக்கு மேல் கவிழ்வார், குறிவைக்க வேண்டியது அவரைத்தான். 1, 2, 4, 5 என்று பொடிப்பொடியாக நான்கு சேர்த்தவருக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஏழை நோக்கி நீங்களே தள்ளிவிட்டது போலாகும்.

காப்பு எடுத்தவர் அதை முன்னால் வைத்திருப்பார். இரட்டை வந்ததும் வந்த சீட்டையும் காப்பையும் ஒன்றாக ஓரம்கட்டிவிட்டுத் தொடரலாம். ஒருவரிடம் ஒரு காப்புதான் இருக்கலாம். இரண்டாவது வந்தால் காப்பு இல்லாத இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும், கொடுக்க ஆளில்லையென்றால் ஓரத்துக்குப் போகும். பயன்படாத காப்பு அடுத்த சுற்றுக்கு வராது. அதனால் காப்பு இருக்கும்வரை ‘போடு’ என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். காப்பை வைத்துக்கொண்டு ‘போதும்’ என்பவர் இலவசச் சீட்டை வேண்டாம் என்கிறார். தனியாளாக மிஞ்சியிருக்கும்போது மூவெடு வந்து தன்மேலேயே விழும் சின்ன ஆபத்து உண்டு, அவ்வளவுதான்.

ஒரு சுற்று, சீட்டு சீட்டாக

புதிதாகக் கலைத்த கட்டு. அக்கா போடுகிறாள். தம்பிக்கு 9. அம்மாவுக்கு 12. அப்பாவுக்கு மூவெடு. முன்னால் எதுவும் இல்லாததால் அவரே எடுத்துக்கொள்கிறார்: 7, 4, 11. பிழைத்தார், 22. அக்காவுக்கு 10.

தம்பி ‘போடு’: 6 வந்து 15. அம்மா ‘போடு’: 8 வந்து 20. அப்பாவின் முறை. கட்டில் இன்னும் 85 சீட்டு, அவரைக் கவிழ்க்கக்கூடியவை 11இல் பத்து, 7இல் ஆறு, 4இல் மூன்று, ஆக 19. நூற்றுக்கு 22. ‘போடு’ என்கிறார், வருவது நிறுத்து. முதல் சுற்று என்பதால் முன்னணியில் யாருமில்லை. குறைவாக வைத்திருக்கும் அக்காவுக்குக் கொடுக்கிறார். அக்காவின் சுற்று 10இல் முடிந்தது. (போடும் வேலை மட்டும் அவளுக்குத் தொடரும், முகம் எப்படி இருந்தாலும்.)

தம்பி ‘போடு’: காப்பு. அம்மா ‘போடு’: இன்னொரு 12. அவுட். அம்மா செய்ததில் தப்பில்லை. 83 சீட்டில் 18 மட்டுமே அவருக்கு எதிரி. அப்பா ‘போடு’: 2 வந்து 24. தம்பி ‘போடு’: 9. இரட்டை, ஆனால் காப்பு இருக்கிறது. இரண்டும் ஓரம் போகின்றன, தம்பி 15இலேயே நிற்கிறான். அப்பா ‘போதும்’. தம்பிக்கு இப்போது எதிரி 12 சீட்டு, கட்டில் 80. ‘போடு’: 11 வந்து 26. ‘போதும்’. எழுத வேண்டியது: தம்பி 26, அப்பா 24, அக்கா 10, அம்மா 0.

எப்போது ‘போதும்’ சொல்வது

அப்பா 22இல் கேட்டதும் 24இல் நிறுத்தியதும் தற்செயல் அல்ல. இதற்கு மேசையிலேயே போடக்கூடிய ஒரு மனக்கணக்கு உண்டு. ஓர் எண்ணின் மதிப்பும் அதன் எண்ணிக்கையும் ஒன்று என்பதால், உங்கள் எண் சீட்டுகளின் கூட்டுத்தொகையிலிருந்து சீட்டு எண்ணிக்கையைக் கழித்தால் கிடைப்பதுதான் உங்களைக் கவிழ்க்கக் காத்திருக்கும் சீட்டுகளின் எண்ணிக்கை. 10, 8, 4 என்றால் 22 கழித்தல் 3, ஆக 19. 0 சீட்டு இருந்தால் அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். மேசையில் வேறு யார் முன்னாலாவது உங்கள் எண் கிடந்தால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். கட்டில் 80 சீட்டு இருக்கும் நேரத்தில் அந்த விடையோடு அதன் கால் பங்கைக் கூட்டினால் சதவீதம் வந்துவிடும்: 20 எதிரி என்றால் நூற்றுக்கு 25.

ஆனால் சதவீதம் மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. நான்கில் ஒரு முறை கவிழ்வது கையில் 10 இருக்கும்போது சின்ன நஷ்டம், 40 இருக்கும்போது பெரிய நஷ்டம். வரக்கூடிய லாபத்தையும் போகக்கூடிய நஷ்டத்தையும் எடை போட்டால், புதிய கட்டில் தராசு சமமாவது 24ஐ ஒட்டி. 10, 9, 5 என்ற 24 கிட்டத்தட்ட சரிபாதி. 12, 8 என்ற 20இல் தைரியமாகக் கேட்கலாம். 12, 9, 5 என்ற 26இல் நிறுத்த வேண்டும். 8, 7, 6, 4 என்ற 25இல் இன்னும் ஒன்று கேட்பது மயிரிழை லாபம், ஏனென்றால் அதே தொகை அதிகச் சீட்டில் சேர்ந்திருந்தால் எதிரிகள் குறைவு, ஏழுக்கும் அருகில். வீட்டு மேசையில் பெரும்பாலோர் 15, 18 என்று வந்ததும் ‘போதும்’ சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் அவுட் ஆவது அபூர்வம், வெல்வதும் அபூர்வம்.

×2 வந்தால் பயந்து நிறுத்துவது ஒரு பொதுவான பழக்கம். தேவையில்லை. ×2 இழப்பை இரட்டிக்கிறது, வரப்போகும் லாபத்தையும் இரட்டிக்கிறது. ஆகவே எண்களின் தொகை அதே 23, 24 வரும்வரை கேட்கலாம். +10 வேறு விதம். அது இழப்பை மட்டும் பத்து கூட்டுகிறது, அடுத்த சீட்டின் லாபத்தைத் தொடுவதில்லை. +10 வைத்திருப்பவர் எண்கள் 19ஐத் தாண்டியதும் நிறுத்துவது நல்லது. +2, +4க்கெல்லாம் இவ்வளவு யோசிக்க வேண்டாம்.

ஆறு எண் சேர்ந்துவிட்டால் கணக்கு அடியோடு மாறுகிறது. அடுத்து வரும் எந்தப் புதிய எண்ணும் தன் மதிப்போடு 15ஐயும் இழுத்துக்கொண்டு வரும். 1, 2, 3, 5, 6, 8 என்று 25 வைத்திருப்பவர் நிறுத்துவது பெருந்தவறு. அவருக்கு எதிரி 19தான். ஆறு சீட்டில் சமநிலை 36ஐ ஒட்டி வருகிறது. 10, 9, 7, 5, 4, 2 என்ற 37 கிட்டத்தட்ட அந்த எல்லையில். அதற்கு மேல் ஏழாவதைத் துரத்துவது ஆசை.

சுற்றுகள் போகப் போக இன்னொன்று சேர்கிறது. ஓரம் போன சீட்டு திரும்ப வராது என்பதால் கட்டு மெலிய மெலிய நினைவாற்றலுக்கு மதிப்புக் கூடுகிறது. எல்லாவற்றையும் நினைவில் வைக்க முயல வேண்டாம். 12, 11, 10 மூன்றை மட்டும் கவனியுங்கள், எண் சீட்டு 79இல் இவையே 33. கட்டில் 40 சீட்டு மிச்சம், உங்களிடம் 12 ஒன்று, வேறு 12 எதுவும் இதுவரை வெளியே வரவில்லை என்றால் மற்ற 11ம் அந்த 40க்குள்தான். அந்த ஒரு சீட்டே நூற்றுக்கு 27 ஆபத்து. எட்டு 12 ஏற்கெனவே போய்விட்டிருந்தால் மிஞ்சியது மூன்று, பயமின்றிக் கேட்கலாம். ஓரம் போன குவியலைப் புரட்டிப் பார்க்கலாமா என்று சண்டை வரும். கூடாது என்று முதலிலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.

மேசையில் கெடுபவை

கலைப்பதில் அசட்டை. ஒவ்வொருவர் முன்னாலும் வெவ்வேறு எண்களாக வரிசையில் கிடந்தவற்றை அப்படியே வாரி அடுக்கினால், கட்டில் வெவ்வேறு எண்கள் தொடர்ச்சியாக நிற்கும். அரைகுறையாகக் கலைத்தால் இரட்டை விழுவது குறைந்து ஆட்டம் சப்பென்று போகும். 94 சீட்டை ஒரே கையில் கலைக்க முடியாது. மேசைமேல் பரப்பி இரண்டு கையாலும் துழாவி, பிறகு இரண்டு பாதியாகப் பிரித்துக் கோத்து, குறைந்தது நாலைந்து முறை கலையுங்கள்.

இரட்டையைக் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. சீட்டுகளைக் கண்டபடி போடாமல் சிறிய எண்ணிலிருந்து பெரியது வரை, மூலை எண் தெரியும்படி ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறியபடி வரிசைப்படுத்தினால் இரட்டை தானே கண்ணில் படும். கூட்டல் சீட்டுகளும் காப்பும் அந்த வரிசைக்கு மேலே தனியாக. ‘போதும்’ சொன்னவர் தன் வரிசையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் போடுபவர் மறந்து அவருக்கும் ஒரு சீட்டைத் திருப்பிவிடுவார், அது யாருக்குச் சேர வேண்டியது என்று பத்து நிமிடம் வாக்குவாதம் நடக்கும். திருப்பியே விட்டார் என்றால் அந்தச் சீட்டு அடுத்து ‘போடு’ சொல்ல வேண்டியவருக்குப் போகாது, நேராக ஓரத்துக்கு. எதிரில் தெரியும் சீட்டைப் பார்த்து ‘போடு’வா ‘போதும்’ ஆ என்று தீர்மானிக்கும் வசதி யாருக்கும் கிடைக்கக் கூடாது.

போடுபவர் அவசரப்படக் கூடாது. கேட்க வேண்டும், பதில் காதில் விழ வேண்டும், பிறகுதான் சீட்டு. தலையாட்டலைப் பதிலாக ஏற்காதீர்கள்.

பாயிண்ட் எழுத ஒரே ஆள், ஒரே தாள். ஒவ்வொரு சுற்றின் தொகையோடு அதுவரை சேர்ந்த மொத்தத்தையும் எழுத வேண்டும். மொத்தம் தெரியாவிட்டால் நிறுத்தை யாருக்குக் கொடுப்பது என்பதே குருட்டாம்போக்காகிவிடும்.

சின்னவர்கள், பெரிய கூட்டம்

ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இருந்தால் முதல் ஆட்டத்தில் நிறுத்தையும் மூவெடுவையும் எடுத்துவிட்டு, எல்லையை 100 ஆக்கிக்கொள்ளுங்கள். காப்பு இருக்கட்டும், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். மூவெடு கொடுத்துக் குழந்தையைக் கவிழ்த்தால் அழுகைதான் மிஞ்சும். விதி பழகிய பிறகு சேர்த்தால் அதே சீட்டை அவர்களே அப்பாவுக்குக் கொடுத்துச் சிரிப்பார்கள்.

எட்டு பேருக்கு மேல் போனால் ஒரு சுற்றுக்கே கட்டில் பாதி காலியாகும். ஆட முடியும், ஆனால் தன் முறைக்குக் காத்திருக்கும் நேரம் நீண்டுவிடும். பெட்டி இரண்டு இருந்தால் இரண்டு மேசையாகப் பிரிவது மேல். இரண்டே பேர் என்றால் செயல் சீட்டுக்கெல்லாம் ஒரே குறிதான், ஆட்டம் தட்டையாகிவிடும். அப்போது நிறுத்து மூன்றில் இரண்டை எடுத்துவிடுங்கள்.

கடைசிச் சுற்று

200ஐத் தொட்டதும் வெற்றி என்று நினைத்து நிறுத்துபவர் தோற்பது அடிக்கடி நடக்கும். சுற்று முடியும்வரை மற்றவர்கள் ஆடலாம். மொத்தம் 185 வைத்திருப்பவர் 16 சேர்ந்ததும் 201இல் ‘போதும்’ என்கிறார். 178இல் இருந்து ஆடிக்கொண்டிருப்பவருக்கு 24 போதும், அது வழக்கமான ஒரு சுற்று. எதிரில் உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் மொத்தம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

துரத்துபவருக்கோ 24 என்ற கணக்கு இப்போது செல்லாது. முன்னவர் 208இல் உட்கார்ந்துவிட்டார், நீங்கள் 171 என்றால் வேண்டியது 38. 37இல் நிறுத்தினால் சமன், 30இல் நிறுத்தினால் தோல்வி, அவுட் ஆனாலும் தோல்வியே. எனவே 38 வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு ‘போடு’. மூவெடு வந்தால் தனக்கே வைத்துக்கொள்வதும் இந்த இடத்தில் புத்திசாலித்தனம். இரண்டு பேர் சமமாக நின்றால் என்ன செய்வது என்பதை முதல் சீட்டுப் போடும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அந்த இருவர் மட்டும் இன்னொரு சுற்று ஆடுவது எளிது.